குஞ்சப்பனை ஏற்றத்தில் லோடு ஆட்டோ ஏன் கொதிக்கிறது?

மேட்டுப்பாளையத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஊட்டியில் ஓடிக்கொண்டிருந்த லோடு ஆட்டோ ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். பெட்ரோல் வண்டி, ஃபோர் ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டர், ஃபேன் காற்றில் குளிரும் இன்ஜின். வாரத்தில் மூன்று நாள் தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு கோத்தகிரி வருகிறார். மார்ச் வரை தொந்தரவு இல்லை. ஏப்ரல் பிறந்ததிலிருந்து, வழியில் இருக்கிற குஞ்சப்பனை செக்போஸ்ட் நெருங்கும்போதே இழுவை விட்டுவிடுகிறது, கடகடவென்று ஒரு சத்தம் வருகிறது, நிறுத்தினால் அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆவதில்லை. "ஃபேன் கவரைக் கழட்டி விட்டா காத்து நல்லா படும்னு ஸ்டாண்டுல சொல்றாங்கண்ணா, செய்யலாமா? ஓடைத் தண்ணிய ஊத்தி ஆத்தலாமா? இல்ல கெட்டி ஆயில் போட்டா சரியாயிடுமா?"

மூன்றும் வேண்டாம் தம்பி. ஏன் என்று சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஸ்டாண்டில் வேறொருவர் வேறொன்று சொல்வார், நீங்களும் அதைச் செய்து பார்ப்பீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். கோத்தகிரியில் இருபது வருடத்துக்கு மேலாக ஷெட் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இதே ரோட்டில் டூ ஸ்ட்ரோக் ஆட்டோ ஓட்டினவன். இந்தத் தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,790. முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் ஏறுகிறீர்கள். வண்டி, லோடு, நீங்கள் எல்லாம் சேர்ந்து 900 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே இந்த மாதிரி சின்ன இன்ஜினுக்கு 2 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். வண்டி உருள்வதற்கு ஆகும் செலவு தனி. பெட்ரோலில் இருக்கிற சக்தியில் சக்கரத்துக்கு வந்து சேர்வது தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு. மீதி நாலு பங்கும் சூடு. அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். மிச்சத்தை சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக நீட்டிக்கொண்டிருக்கும் உலோக ஃபின்களும் ஆயிலும்தான் வெளியே தள்ளியாக வேண்டும். மலையின் உயரத்தைக் குறைக்க முடியாது, அதனால் சூடு வந்தே தீரும். அது வெளியே போக வழி விடுகிறோமா, எவ்வளவு நேரத்தில் அதை உண்டாக்குகிறோம், இந்த இரண்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இப்போது ஃபேன் கவருக்கு வருகிறேன். பைக்கில் இன்ஜின் வெளியே தெரிய நிற்கும், எதிர்க்காற்று நேராக அடிக்கும். ஆட்டோவில் இன்ஜின் பின்தொட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, எதிர்க்காற்று அங்கே எட்டிப்பார்ப்பதுகூட இல்லை. அதனால்தான் பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டான கிராங்கோடு சேர்ந்து சுற்றும்படி ஃபேன் வைத்து, அதைச் சுற்றிக் கவர் போட்டு, அங்கிருந்து சிலிண்டரையும் அதன் தலைப்பகுதியான ஹெட்டையும் மூடி ஒரு தகடு கொடுத்திருக்கிறார்கள். பார்க்க மூடி மாதிரி இருந்தாலும் அது வாய்க்கால். ஃபேன் இழுக்கிற காற்றை வேறு எங்கும் சிதறவிடாமல் ஃபின்களின் இடுக்கு வழியாகத்தான் போக வைக்கும். வாய்க்கால் கரையை உடைத்துவிட்டால் தண்ணீர் கடைமடைக்கு எப்படிப் போகும்? தகட்டைக் கழற்றினால் காற்று போகிற போக்கில் போய்விடும், ஹெட்டின் பின்பக்கம் காய்ந்து கிடக்கும். கை வைத்துப் பார்க்கிற பக்கம் ஆறியிருப்பதாகத் தோன்றும். வேகிறது கை எட்டாத பக்கம்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. சிலிண்டர் வேலைக்காக வண்டியைப் பிரித்த மெக்கானிக், திரும்பப் பூட்டும்போது தகட்டின் ஒரு துண்டையோ இரண்டு ஸ்குரூவையோ விட்டுவிடுவார். வண்டி ஓடும், ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். போன வருடம் இதே மாதிரி சூட்டுப் புகாரோடு ஒரு வண்டி வந்தது. ரிங் மாற்றியாகிவிட்டது, ஆயில் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. குனிந்து டார்ச் அடித்தேன், சிலிண்டருக்கு அடிப்பக்கம் வர வேண்டிய தகடே இல்லை. பழைய இரும்புக் கடையில் தேடி ஒன்று கொண்டு வந்து மாட்டினோம். அவ்வளவுதான் வேலை.

தகடு ஒழுங்காக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது கழற்றினால்தான் தெரியும். இங்கே ஒரு வண்டி மழைக்காலத்தில் இரண்டு வாரம் ஷெட்டில் சும்மா நின்றது. கவரைப் பிரித்தால் ஃபேனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. வாழை நார், தேயிலைச் சாக்கின் நூல், யாரோ கடித்துப்போட்ட சோளக்கதிரின் தோல், எல்லாம் பந்தாகச் சுருட்டி, நடுவில் குழியாக, மெத்தை மாதிரி. இன்னொரு வண்டியில் குளவி, ஃபின்னின் நான்கு இடுக்கை மண்ணால் பூசி அடைத்திருந்தது. சுட்ட செங்கல் மாதிரி இறுகிப்போய், ஸ்குரூ டிரைவர் வைத்துக் குத்தித்தான் எடுத்தோம். உங்கள் வண்டியில் எலி இல்லாவிட்டாலும் ஆயில் கசிவும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து ஃபின்களில் களி மாதிரி அப்பியிருக்கும். ஆறின இன்ஜினில் டீசலைப் பிரஷ்ஷால் தொட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு மூடுங்கள். கையோடு ஃபேன் இறக்கை ஏதாவது உடைந்திருக்கிறதா, காற்று உள்ளே போகிற வாயைத் தார்ப்பாயோ சாக்கோ மறைக்கிறதா என்றும் பாருங்கள். தேங்காய் மூட்டை நழுவாமல் இருக்கப் பின்னால் சாக்கைத் தொங்கவிட்டுக் கட்டுவது நம் ஊர் வழக்கம். சூட்டுக்காற்று வெளியேறும் வழியை அது அடைத்துவிடும்.

அடுத்தது கியர். என்னைக் கேட்டால் உங்கள் பிரச்சினையில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும். ஃபேன் கிராங்கில் சுற்றுகிறது என்றேன். அப்படியானால் குளிர்ச்சி வண்டியின் வேகத்தைப் பொறுத்ததில்லை, இன்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி முக்கி முனகிக்கொண்டு போனால் நடப்பது இதுதான்: பெட்ரோல் நிறைய எரிகிறது, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, சூடு கூடுகிறது, காற்று குறைகிறது. இரண்டாவதுக்கு இறக்கி 20 கிலோமீட்டர் வேகத்தில் விட்டால் இன்ஜின் கத்தும். கத்தட்டும். பெரிய சத்தம் என்றால் இன்ஜின் கஷ்டப்படுகிறது, அடங்கின சத்தம் என்றால் சுகமாகப் போகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆட்டோவில் நேர் எதிர். கத்துகிற இன்ஜினில் ஃபேன் வேகமாகச் சுற்றும், ஆயில் பம்ப் நன்றாகத் தள்ளும், ஒவ்வொரு தடவையும் எரிகிற பெட்ரோல் கொஞ்சமாக இருக்கும்.

அந்தக் கடகட சத்தத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அப்படியா இருக்கிறது? ஆக்சிலேட்டரைத் தளர்த்தினால் உடனே நிற்கிறதா? அது நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள், மிச்சமிருக்கும் பெட்ரோல் புகை சூடு தாங்காமல் தானாகவே வெடிக்கிறது. அந்த வெடி பிஸ்டன் தலையில் சுத்தியலால் தட்டுவது போல. சூடு நாக்கிங்கைக் கூட்டும், நாக்கிங் சூட்டைக் கூட்டும். இந்தச் சத்தம் கேட்ட பிறகும் அதே கியரில் முறுக்கிப் பிடித்தால் பிஸ்டனுக்குச் சொல்லிவைத்து ஆர்டர் கொடுத்த மாதிரி. சத்தம் வந்த நொடியில் ஆக்சிலேட்டரைக் குறையுங்கள், கியரை இறக்குங்கள்.

வேகத்தையும் குறையுங்கள். ஏறுகிற உயரம் ஒன்றுதான் என்பதால் மொத்தச் சூட்டில் பெரிய வித்தியாசம் வராது. அதை ஒன்றேகால் மணி நேரத்தில் உண்டாக்குகிறீர்களா, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் உண்டாக்குகிறீர்களா என்பதில்தான் இன்ஜின் தப்பிப்பதும் மாட்டுவதும் இருக்கிறது.

கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்று என் கண்ணில் பட்டது: வண்டி ஊட்டியில் ஓடியது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்று கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிசு. கார்ப்பரேட்டருக்கு இந்த விவரம் தெரியாது, அது கீழே கொடுக்கிற அளவு பெட்ரோலையே கிட்டத்தட்ட மேலேயும் கொடுக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சினால் கரும்புகை, பிளக் கறுப்பு, மைலேஜ் அடி. அதனால் ஊட்டியிலேயே ஓடுகிற வண்டிக்கு, கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றிவிடுவார்கள். அங்கே அது சரியான வேலைதான். அதே ஜெட்டோடு வண்டி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால்? கீழே காற்று கெட்டி, பெட்ரோல் பற்றாது. கலவை வறண்டு போய்ச் சூடு எகிறும். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு கலந்து வருகிறது. பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளில் அதுவும் கலவையைக் கொஞ்சம் வறட்டும். பனிக்காலத்திலும் மாசியிலும் வெளிக்காற்று குளிர்ந்திருந்ததால் வண்டி தாக்குப்பிடித்தது. மேட்டுப்பாளையத்தில் வெயில் 37 டிகிரி தொட்டதும் அந்தக் கொஞ்ச இடமும் போய்விட்டது.

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி வேண்டாம், பிளக்கே சொல்லும். நல்ல ஏற்றத்தில், பின்னால் வண்டி வராத, ஓரம் கட்ட வசதியான இடமாகப் பார்த்து, இழுத்துக்கொண்டு போகும்போதே கிளட்ச்சைப் பிடித்துச் சாவியை அணைத்து நிறுத்துங்கள். ஸ்லோ ஸ்பீடில் விட்டு அணைத்தால் பிளக் பொய் சொல்லும். கொஞ்சம் ஆறவிட்டு, துணி சுற்றிக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் பகுதி வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் கவலை இல்லை. சுண்ணாம்பு வெள்ளையாக, பொரிந்த மாதிரி இருந்தால் கலவை வறட்சி, ஜெட்டை உங்கள் வண்டியின் கம்பெனி அளவுக்குத் திரும்ப மாற்றுங்கள். கார்ப்பரேட்டர் அடியிலும், அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டிலும் ரப்பர் வெடித்துத் திருட்டுக்காற்று இழுத்தாலும் இதே வெள்ளைதான் வரும், அதையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் ஏறுவது கோத்தகிரி வரைக்கும்தான். கீழே சரியாக இருக்கிற ஜெட் மேலே சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும், பரவாயில்லை. கொஞ்சம் புகை வந்தால் பத்து ரூபாய் நஷ்டம், வறண்டால் பிஸ்டன் நஷ்டம்.

நிறுத்தினால் அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆகாததற்குச் சூடு என்ற ஒரே சொல் போதாது. அந்த நேரத்தில் மூன்று விஷயம் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் எதிர்ப்பே இல்லாமல் லேசாகச் சுழன்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் நிற்க வேண்டிய அழுத்தம், போகிறது. பெரும்பாலும் எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் டேப்பட் இடைவெளி இறுகியிருக்கும், சூட்டில் வால்வு நீண்டு முழுக்க மூடாமல் நிற்கும். வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். அந்த நேரம் கிடைக்காவிட்டால் ஓரம் கருகிவிடும். டேப்பட் இடைவெளியை இன்ஜின் முழுக்க ஆறியபின், காலையில் சரியாக வையுங்கள். கம்ப்ரஷன் இருந்தால் பிளக்கை வெளியே எடுத்து ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் ஸ்பார்க் வராமல், ஆறினபின் வந்தால் ஸ்பார்க்கை உண்டாக்கும் இக்னிஷன் காயிலோ பிக்கப் காயிலோதான் குற்றவாளி. அதை விட்டுவிட்டு இன்ஜினைப் பிரிப்பது வீண். ஸ்பார்க்கும் இருந்தால் பெட்ரோல் பக்கம் வாருங்கள். நிறுத்தியதும் ஃபேனும் நின்றுவிடும். உள்ளே இருக்கும் சூடு வெளியே பரவி, சில நிமிடங்களுக்கு இன்ஜினைச் சுற்றியுள்ள இடம் ஓடும்போது இருந்ததைவிடக் கொதிக்கும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் ஆவியாகி ஓடும். பிளக் காய்ந்திருந்தால் அதுதான் காரணம். பெட்ரோல் டியூப் சைலன்சரை உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள்.

இதற்கு மருந்து ஏற்றம் முடிந்தவுடன் சாவியை அணைக்காமல் இருப்பதுதான். ஓரம் கட்டியதும் இரண்டு நிமிடம் ஸ்லோ ஸ்பீடில் ஓடவிடுங்கள், ஃபேன் வேலை செய்து சூட்டை இறக்கட்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நின்றதும் டக்கென்று அணைப்பவர்கள்தான் அரை மணி நேரம் நிற்கிறார்கள்.

தண்ணீர் ஊற்றும் விஷயம். எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. முள்ளூர் தாண்டி ஒரு வளைவு, டூ ஸ்ட்ரோக் வண்டி, பின்னால் கல்யாண வீட்டுப் பாத்திரம். இன்ஜின் பிடிக்கிற மாதிரி இருந்ததும் நிறுத்தி, ஓடையிலிருந்து அண்டாவிலேயே தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன். சர்ரென்று ஆவி எழும்பி முகத்தில் அடித்தது, அதற்குள்ளிருந்து 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம். வெண்கல டம்ளர் கீழே விழுந்த மாதிரி. அப்போது புரியவில்லை. ஸ்டார்ட் செய்தால் ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலிருந்து புஸ் புஸ் என்று காற்று. அலுமினிய ஹெட் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கிக் கோணிவிட்டது, இரும்பு சிலிண்டரில் இரண்டு ஃபின் விரிசல். பாத்திரம் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. பெண் வீட்டார் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆகவே தண்ணீர் உங்களுக்கு, குடிக்க. இன்ஜினுக்குக் காற்றும் நேரமும்.

ஆயிலைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடுக்கு மேலே கெட்டியாகப் போட்டால் ஆயில் ஓடுவதுதான் மெதுவாகும், சூடு குறையாது. இந்த வண்டிகளில் கிளட்ச் பிளேட் அதே ஆயிலில் குளித்துக்கொண்டிருக்கிறது. அதனால் கார் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், சிலவற்றில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் பொருள் கிளட்ச்சை நழுவ வைக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஆயிலில் குளிக்கும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற குறி) என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளவைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். சரிவில் நின்று ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து "ஃபுல்லா இருக்கு" என்பவர்கள் இங்கே நிறையப் பேர். மலை ரோட்டில் ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பாகவே மாற்றுவது நல்லது.

சூட்டுப் புகாரோடு வருகிற பல வண்டிகளில் இன்ஜின் மேல் தப்பே இருக்காது. பிரேக் ஷூ டிரம்மைக் கவ்விக்கொண்டிருக்கும், இன்ஜின் மலையையும் பிரேக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்திருக்கும். ஜாக்கி வைத்து மூன்று சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். டயரில் காற்று, ஏர் ஃபில்டர், சைலன்சர் உள்ளே கரி அடைப்பு, கிளட்ச் கேபிளில் கொஞ்சம் தளர்வு, இதெல்லாம் அரை நாள் வேலை. வளைவில் முதல் கியருக்கு இறங்காமல் அரைக் கிளட்ச்சில் சமாளிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். கருகின தேங்காய் நார் மாதிரி வாடை வந்தால் அது கிளட்ச்.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். இன்ஜின் எங்கே விடுகிறதோ அங்கே நிற்பது என்று இருந்தால், கோத்தகிரி ரோட்டில் அது யானை நிற்கிற இடமாகவும் இருக்கலாம். குஞ்சப்பனைச் சுற்றுவட்டாரத்தில் பலா பழுக்கும் காலத்தில் யானை ரோட்டுக்கே வரும், அந்த நேரத்தில் பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பிளக் கழற்றிக்கொண்டிருக்கக் கூடாது. ஆள் நடமாட்டமும் கடையும் உள்ள இடத்தில், வண்டி திணறுவதற்கு முன்பாகவே, பத்து நிமிடம் நில்லுங்கள். நம் மலை ரயில் 12.5 அடிக்கு ஓர் அடி என்று ஏறுகிற ரயில். அதுவே ஹில்குரோவ் ஸ்டேஷனில் நின்று தண்ணீர் ஏற்றிக்கொண்டுதான் மேலே போகிறது, அதை யாரும் கேலி செய்வதில்லை. நிற்கும்போது சக்கரத்துக்குக் கல் வைப்பீர்கள், சரி. கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ராத்திரி பைக்கில் வருகிறவன் அதில்தான் விழுகிறான்.

மே மாதம் ஊட்டி சீசனில் குன்னூர் ரோட்டை ஏறுவதற்கும் கோத்தகிரி ரோட்டை இறங்குவதற்குமாக ஒருவழி ஆக்குவது வழக்கம். அப்போது கல்லாறு, பர்லியாறு என்று சுற்றித்தான் வர வேண்டியிருக்கும். 14 கொண்டை ஊசி வளைவு, முன்னும் பின்னும் சுற்றுலா வண்டி, நத்தை ஊர்கிற மாதிரி நகரும். இன்ஜினுக்கு இதைவிடக் கெட்ட நிலைமை இல்லை. அடிவாரத்துச் சூட்டுக்காற்று, ஏற்றம், அரைக் கிளட்ச், ஸ்லோ ஸ்பீடில் மெதுவாகச் சுற்றும் ஃபேன், நாலும் ஒன்றாகச் சேரும். விடிந்த கையோடு கல்லாறைத் தாண்டிவிடுங்கள். முடியாவிட்டால் நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருக்காமல், முன் வண்டி இருபது முப்பது அடி விலகும்வரை நியூட்ரலில் நின்று, பிறகு முதல் கியரில் ஒரே இழுப்பாகப் போய் நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பான், அடித்துவிட்டுப் போகட்டும். பர்லியாறில் மங்குஸ்தான் கிடைக்கிற நேரமாக இருந்தால் இன்ஜின் ஆறும்வரைக்கும் உங்களுக்கும் வேலை இருக்கும், குரங்கு மட்டும் ஜாக்கிரதை.

இறக்கத்தில் இன்ஜினைப் பற்றிக் கவலை இல்லை. ஏறின கியரிலேயே இறங்கினால் பெட்ரோல் அதிகம் எரியாமல் ஃபேன் மட்டும் சுற்றி நன்றாக ஆறிவிடும். அங்கே கொதிப்பது பிரேக் டிரம். நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: ஆக்சிலேட்டரை முழுக்க மூடி நீளமாக இறங்கினால் பெட்ரோலோடு வருகிற ஆயிலும் நின்றுவிடும். அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்துக் கொஞ்சம் ரேஸ் கொடுங்கள்.

இதே கேள்வியைப் பக்கச் சக்கரம் பூட்டின கியரில்லாத ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கும் கிராங்கில் சுற்றும் ஃபேன்தான், தகடு பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். கியரை மட்டும் அவர்களால் தேர்ந்தெடுக்க முடியாது. சரிவில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டராலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினால் உள்ளே கிளட்ச் ஷூ தேய்ந்து வேகும், பெல்ட்டும் சேர்ந்து சூடாகும். பிரேக்கைப் பிடித்து நின்று, கிளம்பும்போது தயங்காமல் கிளம்ப வேண்டும். ரேடியேட்டர் வைத்த டீசல் லோடு ஆட்டோ என்றால் முதலில் ரேடியேட்டர் மூடியின் ரப்பரைப் பாருங்கள். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குக்கர் மாதிரி அழுத்தம் பிடித்து வைப்பதுதான் அந்த மூடியின் வேலை. ரப்பர் போனால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறும். சூட்டில் அந்த மூடியைத் திறந்து கையும் முகமும் வெந்தவர்கள் இருக்கிறார்கள், ஆறும்வரை தொடாதீர்கள்.

உங்கள் வண்டிக்கு இந்த வரிசையில் போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறின இன்ஜினில் தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து ஒரு ஸ்குரூ குறையாமல் மூடுங்கள், டேப்பட் வையுங்கள், ஜெட்டில் போட்டிருக்கும் நம்பரைப் பாருங்கள். அடுத்த நடை பாதி லோடோடு, இரண்டாவது கியரில், குஞ்சப்பனை வரைக்கும் ஏறிப் பிளக்கைப் பாருங்கள். நிறம் சரியாக இருந்தால் முழு லோடு ஏற்றலாம். வெள்ளையாகவே இருந்தால் அங்கிருந்து மேலே இழுக்காதீர்கள். பிளக்கை ஒரு காகிதத்தில் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வாருங்கள், பார்த்துவிட்டு என்ன ஜெட் என்று சொல்கிறேன்.